கைப்பிடியில் கட்டிய தேசிக்காய்

சேற்றிலும் மேட்டிலும் ஓடும் மோட்டார் சைக்கிள் போல ஏறி ஓட்டும் பழைய மூன்று சக்கர வண்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. பெற்றோலோடு ஓயில் கலந்து ஊற்ற வேண்டிய ரூ-ஸ்ரோக் வண்டி. எஞ்சினைப் பிரித்துப் பூட்டியதும், புது வாகனத்துக்குச் செய்வதுபோல கண்ணூறு படாமலிருக்க மூன்று தேசிக்காய்களை, எலுமிச்சைகளைத்தான், நூலில் கோத்துக் கைப்பிடியில் கட்டினேன். எஞ்சினை நிறுத்தும் சுவிச் வேலை செய்யவில்லை. பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

லண்டன் குரோய்டனுக்கு வெளியே, நண்பரின் புல்வெளியில், ஓட்டிப் பார்த்த அன்று என் மனைவிதான் முதலில் ஏறினாள். திரும்பி வரும்போது வேகம் குறையவில்லை. வண்டி முள்வேலியை நோக்கிப் பாய்ந்தது.

“நிக்குதில்லையப்பா!”

“கிளச்சையும் பிரேக்கையும் பிடி! விடாதை!” என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

பிடித்தாள். எஞ்சின் அலற அலற, வேலிக்கு ஓரடி முன்னால் வண்டி நின்றது. நான் பிளக் வயரைப் பிடுங்கி எஞ்சினை நிறுத்தினேன். அப்போதுதான் கண்டேன். தேசிக்காய் நூல் கைப்பிடியிலிருந்த அக்சிலரேட்டரில் சுற்றி, அதை இறுக்கி வைத்திருந்தது.

அவள் பார்க்குமுன் நூலை அறுத்தேன். புல்லில் உருண்ட தேசிக்காய் ஒன்றை எடுத்து அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“இதுதானப்பா என்னைக் காப்பாத்தினது.”

சுவிச்சை மறுநாளே திருத்தினேன். உண்மையைச் சொல்ல மட்டும் இன்றுவரை வாய் வரவில்லை. இப்போது எங்கள் காரிலும் அவளே தேசிக்காய் கட்டிக் கும்பிடுகிறாள். நானும் பக்கத்தில் கைகூப்பி நிற்கிறேன், கண்ணை அந்த நூலிலிருந்து எடுக்காமல்.