கனடா போய்வந்த கடலட்டையும் என் இடுப்பு நோவும்

சண்டை நின்று பாதை திறந்து, கொழும்பு பஸ் நேரே யாழ்ப்பாணத்துக்கு ஓடத் தொடங்கிய பிறகு வந்த முதல் திருவிழா அது. திருப்பலியின் நடுவில் ஜெனரேட்டர் நின்றுபோய், சுவாமியார் ஒலிபெருக்கி இல்லாமல் பிரசங்கம் வைத்த வருடம். தொண்டை கட்டிப்போனதால் அவர் கெதியாக முடித்துவிட்டார். ஊர்காவற்றுறையில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சுருக்கமான பிரசங்கத்தை நான் கேட்டதில்லை. வருடம் மறக்காமல் இருப்பது அதனால்தான். அந்தத் திருவிழாவுக்குத்தான் என் மனைவியின் தமையன் கனடாவிலிருந்து வந்தார்.

எனக்கு அப்போது இடுப்பு நோ. வலது பக்கம், விலாவுக்குக் கீழே, முள்ளுக் குத்தி இழுப்பது போல. சலம் போகும்போது எரிவு வேறு. நாங்கள் கடலட்டை பிடிக்கிற காலம் தொடங்க இருந்தது. நோ மாறாவிட்டால் வள்ளத்தில் என் இடத்தில் வேறொருவர் ஏறுவார். ஏறியவர் அடுத்த வருடம் இறங்க மாட்டார். எனக்கிருந்த கவலை அதுதான்.

கடலட்டை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடலின் அடியில் அசையாமல் கிடக்கும். பார்த்தால் முற்றிய கத்தரிக்காய், தொட்டால் வேறு மாதிரி. நாங்கள் அதைப் பொறுக்கி, குடல் எடுத்து, அவித்து, மணலில் குழி தோண்டித் தாட்டு, சுரண்டி, விறகுபோலக் காயவைத்து முதலாளியிடம் கொடுப்போம். எங்களில் ஒருவரும் அதைச் சாப்பிட்டதில்லை. எங்கே போகிறது என்று கேட்டால், “சீனன் தின்னுவான்” என்பார் முதலாளி. பாவம், வேறு கறி கிடைக்காதாக்கும் என்று நாங்களும் விட்டுவிடுவோம்.

மச்சானுக்குக் கனடாவில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. அவருக்கும் இடுப்பு நோ வந்து, ஒரு சீன வைத்தியர் மணிக்கட்டைப் பிடித்து, நாக்கைப் பார்த்துச் சுகப்படுத்தினாராம். அந்த வைத்தியத்தை முழுதாகத் தலையில் ஏற்றிக்கொண்டுதான் விமானம் ஏறியிருந்தார். வந்த மறுநாளே என்னைக் கதிரையில் இருத்தி, நாக்கை நீட்டச் சொன்னார்.

“கிட்னிதான் மச்சான் உடம்புக்கு வேர். எலும்பு, காது, தலைமயிர் எல்லாம் அதிலைதான் நிக்குது. பயந்தா கிட்னி இளகிப்போம். நீர் எதுக்கும் பயந்தனீரோ?”

நான் யோசித்தேன். ஷெல்லில் தொடங்குவதா, இடம்பெயர்ந்து ஓடியதில் தொடங்குவதா, கடலுக்குப் போக நேவிக்காரன் முன்னால் கடல் பாஸை நீட்டிக்கொண்டு நிற்பதில் தொடங்குவதா?

“எந்த வருசத்திலையிருந்து சொல்ல?” என்றேன்.

குசினிக்குள் இருந்து மனைவி, “அண்ணை, அப்பிடிப் பாத்தா இந்தத் தீவிலை ஒருத்தரும் கிட்னியோடை இருக்கேலாது” என்றாள்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிட்னிக்குக் குளிர் ஆகாது என்று பெட்டியிலிருந்து ஒரு கம்பளிப் பட்டியை எடுத்து என் இடுப்பில் கட்டினார். தார் இளகுகிற வெயில். காலைச் சுடுதண்ணீரில் வைக்கச் சொன்னார். கறுப்பு எள்ளுத் தின்னச் சொன்னார். செய்தி பரவிப் பின்னேரம் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்க நாக்கு நீட்டியது.

பக்கத்து வீட்டு அக்கா, “தம்பி, எனக்குக் காது கேக்கிறேல்லை. அதுவும் கிட்னியோ?” என்றார்.

“ஓம் அக்கா. பயத்தைக் குறையுங்கோ.”

“என்ன?”

“பயத்தை.”

“ஓமோம், கடலிலை காத்துத்தான்” என்று சொல்லிவிட்டு, திருப்தியாகப் போனார்.

எனக்கு நோ குறையவில்லை. மச்சான் பெட்டியின் அடியிலிருந்து முக்கிய மருந்தை எடுத்தார். சிவப்புக் கடதாசி, பொன் எழுத்து, உள்ளே பஞ்சு மெத்தை. மெத்தையில் படுத்திருந்தது காய்ந்த வெள்ளைக் கடலட்டை.

“மச்சான், இது என்ரை அட்டை” என்றேன்.

“விசர்க் கதை கதையாதையும். இது சீனன்ரை மருந்துக்கடையிலை வாங்கினது.”

“வாங்கினது அங்கை. கிடந்தது இஞ்சை.”

“இந்தச் சனியனை என்ரை சட்டியிலை போடேலாது” என்று மனைவி நின்றாள். ஆனால் தமையன் அவ்வளவு தூரம் சுமந்து வந்தது. கடைசியில் ஒடியல் கூழுக்குள், நண்டோடும் இறாலோடும் அதையும் போட்டாள். கூழ் கொதித்தது, அட்டை இளகவில்லை. கத்தியும் இறங்கவில்லை. எனக்கொரு துண்டு, தனக்கொரு துண்டு என்று மச்சான் எப்படியோ பிய்த்தெடுத்தார். என் துண்டு நாய்க்குப் போனது. நாய் அதை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தது. நாங்கள் கூழ் குடித்து, கோப்பை கழுவிக் கவிழ்த்த பிறகும் மச்சான் மென்றுகொண்டிருந்தார்.

“எப்பிடி அண்ணை?”

“சத்து மெல்ல மெல்ல இறங்குது.”

சமைக்குமுன் நாட்கணக்கில் ஊறவைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னது அவருக்குப் பிறகுதான் நினைவு வந்தது. எங்களுக்கும் தோன்றவில்லை. வாழ்நாள் முழுக்க அட்டையைக் காயவைத்த ஆட்கள், அதைத் திரும்ப நனைக்கலாம் என்று எப்படி நினைப்போம்?

மறுநாள் காலை நோ என்னை மடக்கிப் போட்டது. இடுப்புப் பட்டியோடேயே பஸ்ஸில் ஏற்றி, வேலணை தாண்டி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார்கள். படம் எடுத்துப் பார்த்த இளம் டொக்டர் பிள்ளை, கிட்னியில் கல் என்றாள். பட்டியைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை, அது அவளுடைய நல்ல குணம்.

“ஐயா, கடலிலை நிக்கேக்கை எவ்வளவு தண்ணி குடிக்கிறனீங்கள்?”

“தண்ணியோ? வெத்திலை போடுவன். கரைக்கு வந்து வெறுந்தேத்தண்ணி.”

எங்கள் கிணறுகள் உவர். நல்ல தண்ணீர் பெண்கள் தூரத்துக் கிணற்றிலிருந்து சுமந்து வருவது. அதைக் கடலுக்குக் கொண்டுபோகிறவனை வள்ளத்தில் ‘போத்தல் பிள்ளை’ என்று பகிடி பண்ணுவார்கள். அந்தப் பகிடிக்குப் பயந்து நாங்கள் உப்புத் தண்ணீருக்கு நடுவில் நாள் முழுக்க வறண்டு கிடப்போம். யோசித்துப் பார்த்தால் சீன வைத்தியர் சொன்னது பிழையில்லை. பயம்தான் என் கிட்னியைத் தின்றது. மச்சான் தேடிய பயம் அதில்லை, அவ்வளவுதான்.

“கல்லுச் சின்னன். தண்ணியை நல்லாக் குடியுங்கோ, போயிடும்” என்றாள் அவள்.

“நானும் இதைத்தானே சொன்னனான்” என்றார் மச்சான்.

“எப்ப அண்ணை?” என்றாள் மனைவி.

அவரையும் குறை சொல்ல ஏலாது. குழாயைத் திருப்பினால் தண்ணீர் வருகிற நாட்டில், தண்ணீர் குடி என்று எந்த வைத்தியர் சொல்லப்போகிறார்?

கல் போனது. அட்டைக் காலம் தொடங்கிய அன்று தண்ணீர்க் கலனோடு வள்ளத்தில் ஏறினேன். போத்தல் பிள்ளை என்றார்கள். உச்சி வெயிலில் அவர்களே என் கலனுக்குக் கை நீட்டினார்கள். என் இடம் என்னிடமே இருந்தது. சுடுதண்ணீரில் கால் வைப்பதை மட்டும் நான் விடவில்லை. அதற்கு நல்ல நித்திரை வரும்.

இதைக் கேட்ட நீங்கள் நெடுந்தீவுப் பக்கம் போனால், கடலில் நிற்கிற ஆட்களிடம் சொல்லிவிடுங்கள். வள்ளத்தில் முதலில் ஏறவேண்டியது தண்ணீர்க் கலன். கனடாவில் என் மச்சானைக் கண்டால் அவருக்கும் சொல்லுங்கள். அவர் இப்போதும் அட்டை வாங்கி ஊறவைக்கிறாராம். அட்டைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில் தானும் ஒரு கோப்பை குடிக்கட்டும்.