அசரியாவின் கோடில்லாத கண்ணாடி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் ஆண்டு டிசம்பர் மாதம், மேற்குத் தாம்பரம் முடிச்சூர் சாலையில் ஒரு மனிதர் தண்ணீருக்குள் நடப்பதுபோல நடந்துபோனதைப் பலர் பார்த்திருப்பார்கள். மழை விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. சாலையில் தண்ணீர் இல்லை. ஆனாலும் அவர் ஒவ்வொரு காலையும் தூக்கி, சற்று யோசித்து, தரை இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டே இறக்கினார். அவர் குடிப்பவரல்ல. சபை மக்களில் அப்படிச் சந்தேகப்பட்டவர்கள் பின்னால் மனம் வருந்தினார்கள்.

அவர் பெயர் அசரியா. வயது நாற்பத்தேழு. மறைமலை நகரில் காருக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். வாரத்தில் ஆறு நாள் நட்டையும் போல்ட்டையும் காவல் காப்பார். ஏழாம் நாள் சபையில் ஆர்கன் வாசிப்பார். தாம் பிறந்தது ஏழாம் நாள் வேலைக்காகத்தான் என்பதும், மற்ற ஆறு நாளும் சோற்றுக்காக என்பதும் அவருடைய உறுதியான எண்ணம்.

அது காலால் மிதித்துக் காற்று ஏற்றும் பழைய ஆர்கன். சுவரைப் பார்த்தபடி போட்டிருந்தார்கள். வாசிப்பவருக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரிய வேண்டுமே என்று, யாரோ ஒரு புண்ணியவான் தன் அம்பாஸடர் காரின் கண்ணாடியைக் கழற்றி ஆர்கனின் தலையில் திருகி வைத்திருந்தார். அதில் போதகர் தெரிவார். பின்னால் பாடகர் குழு நிற்கும். அசரியா தலையை ஒருமுறை ஆட்டினால் பாட்டு தொடங்கும். வேறு சைகை கிடையாது. இருபத்திரண்டு வருடமாகப் பாட்டை ஆரம்பித்துவைக்கும் அதிகாரம் அந்த ஒரு பிடரியிடம் இருந்தது. அதற்காக அவர் சனிக்கிழமைதோறும் முடி வெட்டிக்கொள்வார்.

நாற்பத்து மூன்றாம் வயதில் எழுத்துகள் அவரைவிட்டு விலக ஆரம்பித்தன. முதலில் அவர் கையை நீட்டிப் படித்தார். பிறகு கை போதவில்லை. வீட்டில் மனைவி ரத்தினபாயை எதிரில் நிற்கவைத்து, அவள் கையில் பேப்பரைக் கொடுத்துப் படித்தார்.

"நான் என்ன ஸ்டாண்டா? ஒரு கண்ணாடி போட்டுக்கிட்டா என்னவாம்?" என்பாள் ரத்தினபாய்.

"லைட்டு மங்கலா இருக்கு."

"சூரியன் மங்கலா இருக்குன்னு சொல்ற முதல் ஆள் நீங்கதான்."

ஆர்கனில் இசைப் புத்தகம் வைக்கும் பலகையோ நாலு ஆணியில் அறையப்பட்டது. அது எதிரில் வந்து நிற்காது. அசரியா மனப்பாடத்தில் வாசித்து நாளைத் தள்ளினார். நவம்பரில் அது முடிவுக்கு வந்தது. ஒரு கல்யாண ஆராதனையில், பாட்டு எண்கள் எழுதிய துண்டுச் சீட்டில் மூன்றை எட்டாகப் படித்து, மணமக்கள் உள்ளே நடந்துவரும் நேரத்தில் கல்லறைத் தோட்டத்துக்குரிய ராகம் ஒன்றை மிகுந்த உருக்கத்தோடு வாசித்துவிட்டார். மணப்பெண்ணின் தாயார் அழுதார். எப்படியும் அழுதிருப்பார் என்று அசரியா வாதாடினார். சபைக் கமிட்டி ஏற்கவில்லை.

"கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனை வரைக்கும் பார்ப்போம்," என்றார் கமிட்டிச் செயலாளர். "அன்னைக்கும் ஏதாவது ஆச்சுன்னா, அடுத்த ஞாயித்துக்கிழமைல இருந்து கிருபா வாசிக்கட்டும். அந்தப் பொண்ணுகிட்ட சொந்த கீபோர்டே இருக்கு."

கிருபா சேலையூரில் டீச்சர். நல்ல பெண். அவளுடைய கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தானாகவே மத்தளம் அடிக்கும். அதைக் கேட்ட அன்று அசரியா இரவுச் சாப்பாட்டைப் பாதியில் விட்டார். மறுநாள் மாலை ரத்தினபாய் அவரைச் சண்முகம் ரோடு கண்ணாடிக் கடை வேதாசலத்திடம் இழுத்துப்போனாள்.

வேதாசலம் கண்களைச் சோதித்துவிட்டு, குழந்தையின் பெயரைக் கேட்பதுபோல வயதைக் கேட்டார்.

"நாப்பத்தேழா? லேட்டாத்தான் வந்துகீறே சார். படிக்கிற கண்ணாடி போதுமா?"

"போட்டா தூரத்துல கண்ணாடிக்குள்ள இருக்கிற போதகர் தெரியணும்."

"போதகரு கண்ணாடிக்குள்ள கீறாரா?"

ரத்தினபாய் ஆர்கனின் அமைப்பை விளக்கினாள். மேலே கார்க் கண்ணாடி, அது தூரம். நடுவில் இசைப் புத்தகம், அது கையெட்டும் தூரம். கீழே கட்டைகளுக்குப் பக்கத்தில் எண்கள் எழுதிய சீட்டு, அது கிட்டம். வேதாசலத்தின் முகம் மெல்ல மலர்ந்தது. இப்படி ஒரு கிராக்கிக்காகவே அவர் பல காலம் காத்திருந்ததுபோல இருந்தது.

"பைபோக்கல்னா நடுவுல ஒரு கோடு கீது. மேல தூரம், கீழ கிட்ட, நடுவுல ஒண்ணும் இல்ல. அந்தக் கோட்டப் பாத்தாலே ஊருக்கே வயசு தெரிஞ்சுபூடும். இது புச்சு சார், புரோகிரெசிவ். கோடே கெடையாது. மேல தூரம், அப்படியே எறங்கி வந்தா நடு, இன்னும் எறங்கினா கிட்ட. ஒரே கண்ணாடியில மூணு மாடி வூடு."

விலையைக் கேட்டதும் ரத்தினபாய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோடு இல்லை என்பதைக் கேட்டதும் அசரியா எழுந்து நின்றார். அதோடு தேர்வு முடிந்தது.

ஃபிரேமை மாட்டி, வேதாசலம் அதன் வெற்றுக் கண்ணாடியில் பேனாவால் புள்ளி வைக்க வந்தார். கண்மணி எங்கே நிற்கிறதோ அங்கே புள்ளி. அதைக் கணக்கு வைத்துத்தான் மூன்று மாடியும் கட்டுவார்கள். "சாதாரணமா குந்துங்க சார்," என்றார். இருபத்திரண்டு வருட ஆர்கனிஸ்ட் சாதாரணமாக எப்படி உட்காருவார்? போட்டோ ஸ்டூடியோவில் உட்காருவதுபோல நெஞ்சை நிமிர்த்தி, தாடையைத் தூக்கி, கம்பீரமாக உட்கார்ந்தார். தலை பின்னால் சாய்ந்ததால் கண்மணி ஃபிரேமில் கீழே இறங்கியது. புள்ளியும் கீழே விழுந்தது. மூன்று மாடியில் கீழ் இரண்டும் ஏறக்குறையப் பாதாளத்துக்குப் போய்விட்டன. இது அப்போது யாருக்கும் தெரியாது.

பத்து நாள் கழித்துக் கண்ணாடி பட்டணத்திலிருந்து வந்தது.

"கண்ண உருட்டாதீங்க," என்றார் வேதாசலம். "ஓரம் கொஞ்சம் கலங்கலாத்தான் தெரியும். எதப் பாக்கணுமோ அதுக்கு நேரா மூக்கத் திருப்புங்க. மூக்கு போற எடத்துக்குத்தான் பார்வை போவும். பதினஞ்சு நாள்ல பழகிடும்."

கேரல் ஆராதனைக்குப் பதினோரு நாள் இருந்தது.

அசரியா கடையை விட்டு வெளியே வந்தார். சண்முகம் ரோடு அவர் வருகைக்காக ஒரு பக்கமாகச் சாய்ந்து வழிவிட்டது. எதிரே வந்த சைக்கிள் நடுவில் தெளிவாகவும் இரண்டு ஓரத்திலும் நெளிந்தும் வந்தது. காய்கறிக் கடைகள் கரையோரச் செடிகள்போல மெல்ல ஆடின. தலையைத் திருப்பினால் தக்காளிக் குவியல் ஒன்று எழுந்து, தெளிந்து, சிவந்து நின்றுவிட்டு மறுபடி கரைந்தது. இத்தனை வருடமாகத் தாம்பரம் முழுவதும் ஒரே நேரத்தில் அவர் மேல் வந்து விழுந்துகொண்டிருந்தது. இப்போது அவர் மூக்கைக் காட்டிய இடத்தில் மட்டும் அது விழித்துக்கொண்டது. மற்ற இடமெல்லாம் தூங்கியது. தூங்கும் ஊர் அழகாகவே இருந்தது. முகத்தைத் திருப்புவதற்கு முன்பே அங்கே யாரோ சிரிப்பதுபோலத் தோன்றும். திருப்பினால் சுண்ணாம்படித்த சுவர்.

காலையில் கம்பெனி பஸ் பிடிக்க ரயில் நிலைய மேம்பாலத்தில் ஏறி ஜி.எஸ்.டி. சாலையின் மறுபக்கம் இறங்க வேண்டும். படிகள் பாய் விரித்ததுபோல ஒன்றோடொன்று கலந்து தொங்கின. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை அந்தரத்தில் நீட்டினார்.

பாலத்தடியில் பூ விற்கும் செல்லியம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "இன்னா சார், படி கடிக்குதா?"

"புதுக் கண்ணாடிம்மா."

"கண்ணாடி போட்டா கண்ணு தெரியும்னு சொல்வாங்க. உனக்கு மட்டும் ரிவர்ஸா கீதே!"

தாடையை மார்பில் புதைத்தால் படி படியாகத் தெரிந்தது. அப்படியே இறங்கினார். பாவத்தை அறிக்கையிட்டுக்கொண்டே ஒருவர் இறங்கி வருவதுபோல் இருந்தது என்று செல்லியம்மாளின் கடையில் பூ வாங்கிய சபைப் பெண்ணொருத்தி பின்னால் சாட்சி சொன்னாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வண்டலூர்க் காடும் கூடுவாஞ்சேரி வயலும் விளிம்பில் உருகி உருகிப் போயின. எதையும் பிடித்து நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஸ்டோர்ஸில் வாஷர் டப்பாக்கள் அலமாரி ஓரங்களில் மெதுவாக நீந்தின. உடன் வேலை பார்ப்பவர்கள் அவர் முகத்தில் ஏதோ ஒரு சாந்தம் வந்திருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். உண்மையில் லேசான தலைவலி.

இந்தக் கனவு பாடகர் குழுப் பயிற்சியில் கலைந்தது. அசரியா ஆர்கனில் உட்கார்ந்தார். கார்க் கண்ணாடி தெரிந்தது. இசைப் புத்தகம் தெரியவில்லை. தாடையைத் தூக்கித் தேடினார். போதாது. இன்னும் தூக்கினார். பாதாளத்திலிருந்து ஒரு வரி மேலே வந்தது. சீட்டைத் தேடித் தலையை இறக்கினார். தேடிக் களைத்து மறுபடி தூக்கினார். தலை ஒருமுறை ஆடினால் பாட்டு. பாடகர் குழு கட்டுப்பாடான குழு. பாடியது. அவர் இன்னும் மிதிக்கவே ஆரம்பிக்கவில்லை.

"நிறுத்துங்க! நான் எங்க ஆட்டினேன்?"

"ஆட்டினீங்களே அங்கிள்," என்றாள் முதல் வரிசையில் நின்ற கிருபா, பணிவாக.

அன்று மாலை அவர்கள் ஆறுமுறை அவருக்கு முன்னால் ஆரம்பித்தார்கள். கடைசி முறை அவர் கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டதற்குப் பாடினார்கள். செயலாளர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, டைரியில் எதையோ குறித்துக்கொண்டு போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் அசரியா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "முடிஞ்சுது. கிருபாவே வாசிக்கட்டும். மத்தளத்தோட."

பாடகர் குழுவில் ஆல்டோ என்னும் தாழ்குரல் பாடும் ரத்தினபாய் மாவு பிசைந்த கையோடு வந்து நின்றாள். "நோட் தெரியுதா இல்லையா?"

"தலையத் தூக்கினா தெரியுது."

"அப்ப தூக்குங்க. தலை உங்களுது, எப்படி வேணா ஆட்டிக்குங்க. நாங்க தலையப் பாக்கல. ஆரம்பிக்கணும்னா இடது முழங்கையைத் தூக்குங்க. போதும்."

இருபத்திரண்டு வருட அதிகாரம் பிடரியிலிருந்து முழங்கைக்கு மாற்றப்பட்டது. அசரியா மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

இருபத்திரண்டாம் தேதி, ஞாயிறு மாலை, கேரல் ஆராதனை. கோவில் நிறைந்திருந்தது. சிறப்புச் செய்தி கொடுக்க வந்தவர் தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற ஜெபராஜ். அவருக்குப் பதினைந்து நிமிடம் என்று அச்சிட்டிருந்தது. முதல் நான்கு பாட்டும் முழங்கைப்படி நடந்தன. ஒரு தப்பும் இல்லை. செயலாளர் எழுதுவதற்குத் தயாராக வைத்திருந்த பேனாவை மூடினார்.

ஜெபராஜ் பேச ஆரம்பித்தார். அவர் 'ஆமென்' என்ற கணத்தில் கடைசிப் பாட்டு தொடங்க வேண்டும். அசரியாவின் பதவி அந்தக் கணத்தில்தான் இருந்தது. அதனால் அவர் ஒத்திகை பார்த்தார். கார்க் கண்ணாடி, புத்தகம், சீட்டு. மேலே, நடுவே, கீழே. மறுபடியும் மேலே. பிரசங்க பீடத்திலிருந்து பார்த்தால், ஒரு மனிதர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆழ்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நாற்பது வருடமாகப் பேசிவரும் ஜெபராஜ் அப்படி ஒரு தலையை எங்கும் கண்டதில்லை. அவர் குரல் கனிந்தது. கிறிஸ்துமஸ் கதையின் மேய்ப்பர்கள் அவர் செய்தியில் இன்னொரு முறை புறப்பட்டார்கள்.

"அதோ, ஆர்கனில் இருக்கிற சகோதரருக்குப் புரிகிறது!" என்றார் முப்பதாவது நிமிடத்தில்.

சபை முழுவதும் அந்தப் பிடரியைத் திரும்பிப் பார்த்தது. அசரியா திகிலடைந்து தலையை அசையாமல் நிறுத்தினார்.

ஜெபராஜின் முகம் வாடியது. "சகோதரருக்கு அந்த இடத்தில் ஒரு சந்தேகம். நியாயம்தான். முதலிலிருந்து விளக்குகிறேன்."

"ஆட்டுங்க," என்று ரத்தினபாய் பின்னாலிருந்து பல்லுக்குள் சொன்னாள். "ஐயோ, ஆட்டித் தொலைங்க!"

அவர் ஆட்டினார். ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் 'ஆமென்' வந்தது. வெளியே டீ ஆறியிருந்தது. இரண்டு குழந்தைகள் தூங்கிவிட்டன.

விளக்குகளை அணைத்தார்கள். எல்லோர் கையிலும் மெழுகுவத்தி எரிந்தது. கார்க் கண்ணாடிக்குள் நூறு சுடர் எழுந்தன. நடுவில் இருந்தவை கூர்மையாக நின்றன. ஓரத்தில் இருந்தவை இழுபட்டு, நீண்டு, ஒன்றில் ஒன்று கரைந்து, கோவிலின் இரண்டு சுவரையும் எங்கோ கொண்டுபோயின. அசரியா தாடையைத் தூக்கினார். தேடவே வேண்டியிருக்கவில்லை. வரி அங்கேயே காத்திருந்தது. முழங்கை உயர்ந்தது. காற்று ஏறியது. அந்தப் பாட்டு முழுவதும் அவருக்கு உட்கார்ந்திருக்கும் பலகை இருப்பதாகவே தெரியவில்லை. கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்து விரலில் இறங்கின.

முடிந்ததும் ஜெபராஜ் வந்து அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பாஸ்டர், இந்த மனுஷனை இந்த இடத்திலிருந்து எழுப்பவே கூடாது. ஒவ்வொரு வருஷமும் நான் வர்றேன்."

போதகருக்கு மறுக்க வழியில்லை. செயலாளர் அங்கேயே முடிவைச் சொன்னார்: ஆர்கன் அசரியாவிடமே இருக்கும். அவர் எப்படி வாசித்தார் என்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கிருபா மட்டும் மெழுகுவத்தியை அணைத்தபடி அருகில் வந்தாள்.

"அங்கிள், இன்னைக்கு ஒரு நோட்டு கூடத் தப்பல."

அவர் மூக்கை அவள் பக்கம் திருப்பினார். அவள் முகம் தெளிந்து வந்தது. பொறாமை கொள்ள லாயக்கான முகமாக அது இல்லை.

ஜனவரியில் வேதாசலம் கண்ணாடியைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "போட்டோவுக்குப் போஸ் குடுத்துகீறே சார்!" மூக்கில் உட்காரும் இரண்டு சிறு பட்டைகளையும் குறட்டால் நெருக்கி ஃபிரேமை மேலே தூக்கிவிட்டார். ஒரு நிமிட வேலை. பாதாளத்தில் கிடந்த மாடிகள் தரைக்கு வந்தன. இனிமேல் தலையை ஆட்டத் தேவையில்லை.

ரத்தினபாய் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். பிறகு, "டிசம்பர்ல ஜெபராஜ் ஐயா வருவாரு," என்றாள். "ஞாபகம் வச்சுக்குங்க."

அவர் ஞாபகம் வைத்துக்கொண்டார். அடுத்த டிசம்பரில் கார்க் கண்ணாடியும் புத்தகமும் சீட்டும் பளிச்சென்று தெரிய, அசரியா ஆர்கனில் அமைதியாக உட்கார்ந்து, மேய்ப்பர்கள் புறப்பட்ட நிமிடத்திலிருந்து ஒழுங்காகத் தலையாட்டினார். பின்வரிசையிலிருந்து யாரோ நீளமாகப் பெருமூச்சு விட்டார்கள். பிறகு மெழுகுவத்திகள் எரிந்தபோது, விளிம்பில் சுடர்கள் மெல்லக் கரைந்துகொண்டிருந்தன.