மஸ்கட்டுக்குப் போன கட்டுச்சோறு

செட்டிகுளம் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாகச் சத்துணவு ஆக்குகிற சம்பூர்ணத்துக்குக் கொஞ்சமாகச் சமைக்கத் தெரியாது. வீட்டில் இரண்டே பேர், அவளும் அவள் புருஷன் அமாவாசையும். ஆனால் அவள் ரசம் வைத்தால் தெருவுக்கே மணக்கும், தெருவுக்கே மிஞ்சவும் செய்யும். எவ்வளவு அரிசி போட்டாய் என்று கேட்டால் படி, கிலோ என்று வாயில் வராது. "எட்டுப் புள்ளைங்களுக்கு ஆவும்" என்பாள்.

சொந்தப் பிள்ளை ஒன்றே ஒன்றுதான், தென்றல். கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள். மருமகன் கலைச்செல்வன் அங்கே ஏசி மெக்கானிக். மகளுக்கு ஏழாம் மாசம் பிறந்ததும் ஊருக்கு அழைத்துவந்து வளைகாப்புப் போட நாள்கூடப் பார்த்துவிட்டாள் சம்பூர்ணம். டாக்டரோ, இப்போதைக்கு விமானமே ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்குப் போனில் தென்றல் அழுத அழுகை இருக்கிறதே, அப்பப்பா!

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா. ஒங் கையால கட்டுச்சோறு மட்டும் வேணும்."

கட்டுச்சோறு என்றால் லேசான சமாச்சாரமா? தாய் வீட்டில் அஞ்சு வகைச் சோறு ஆக்கி, மஞ்சள் துணியில் மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோக வேண்டும். முடிச்சை மகள்தான் அவிழ்க்க வேண்டும். வழியில் வேறு யாராவது அவிழ்த்துவிட்டால் அது வெறும் சோறு, அவ்வளவுதான். சம்பூர்ணம் அதில் ரொம்பக் கண்டிப்பு.

"அவ வர முடியலன்னா என்ன? நான் போறேன்" என்றாள்.

"ஆட்டுக்குட்டிங்கள விட்டுட்டு நான் எங்க வரது? நீ போயிட்டு வா" என்று அமாவாசை நழுவிக்கொண்டான். காலாண்டு லீவும் தோதாக வந்தது.

புளிச்சோறு தாங்கும். தேங்காய்ச் சோறு தாங்குமா? இந்தக் கவலையில் இரண்டு நாள் அவளுக்குத் தூக்கமில்லை. கடைத்தெருவில் ஐஸ்கிரீம் விற்கிற மணிவண்ணன்தான் வழி சொன்னான். "எங்க ஐஸ் பொட்டியில வச்சுக் கல்லாட்டம் ஆக்கிக் குடுத்துடறேன் அக்கா. அங்க போயி ஆவியில காட்டுனா, இப்ப எறக்குன மாதிரி இருக்கும்."

ஆக்கினாள். ஆறவைத்தாள். வாழையிலையில் தனித்தனியாக மடித்தாள். பிறகு முறைப்படி புதுத்துணியை மஞ்சள் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, ஈரத்தோடேயே மூட்டை கட்டி, இறுக்கி முடிச்சுப் போட்டாள். ஒரு ராத்திரி ஐஸ் பெட்டியில் கிடந்த மூட்டையை விடிகாலையில் எடுத்துத் தட்டிப் பார்த்தால் டங்கென்றது. தெர்மாகோல் பெட்டியில் வைத்து டேப் ஒட்டி, திருச்சிக்குக் கிளம்பிவிட்டாள். எடை கூடும் என்று தன் சேலையில் நாலை எடுத்து வீட்டிலேயே போட்டுவிட்டாள், மகராசி.

விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரன் மாயவன். மீன்சுருட்டி ஊர்க்காரன், மஸ்கட்டில் பன்னிரண்டு வருஷமாகக் கொத்தனார். முதல் தடவை பறக்கிறவள் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. மூட்டைக் கதையை அவனிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். அடியில் போட்ட பெட்டி உருகுமா உருகாதா என்று மூன்று தடவை கேட்டாள்.

மஸ்கட்டில் இறங்கினார்கள். சோதனையில் நின்ற பெண் அதிகாரி பெட்டியைப் பிரிக்கச் சொன்னாள். டேப்பை அறுத்ததும் மஞ்சள் மூட்டை தெரிந்தது.

"அவுத்துக் காட்டச் சொல்றாங்க அக்கா" என்றான் மாயவன்.

"அய்யய்யோ, அத எம் மவதான் அவுக்கணும்! எடுத்துச் சொல்லுங்க தம்பி!"

மாயவன் தனக்குத் தெரிந்த அரபியில் எடுத்துச் சொன்னான். அந்தம்மாள் பொறுமையாகத்தான் கேட்டாள். ஆனாலும் வேலை வேலைதானே, கை முடிச்சுக்குப் போனது. இவ்வளவு தூரம் வந்தும் போச்சே என்று சம்பூர்ணம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். ஈரத்துணி முடிச்சோடு சேர்ந்து பாறையாக உறைந்து கிடந்தது. அதிகாரி நகத்தால் நெம்பினாள், கையுறையைக் கழற்றிவிட்டு இழுத்தாள். தடியாக இன்னொருத்தர் வந்து மல்லுக்கட்டினார். முடிச்சு அசைவேனா என்றது. கடைசியில் மூட்டையைத் தனியாக இன்னொரு தடவை மெஷினில் விட்டுப் பார்த்தார்கள். அந்தம்மாள் விறைத்த விரலை ஊதிக்கொண்டே சிரித்தாள்.

"எத்தன மாசம்னு கேக்கறாங்க அக்கா."

சம்பூர்ணம் ஏழு விரலை விரித்துக் காட்டினாள். போகச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பாய் விரித்து, மூட்டையை நடுவில் வைத்து, தென்றலை உட்காரவைத்தாள். அவளுக்கு மட்டும் அவிழ்ந்துவிடுமா என்ன? கலைச்செல்வன் கத்திரிக்கோலோடு வந்தான்.

"மாப்ள, அத உள்ள வைங்க. ஏர்போட்டுலயே யாராலயும் அவுக்க முடியல, நீங்க வெட்டிப்புடாதீங்க!"

"வெந்நி ஊத்தலாமா அத்தை?"

"சோறு கஞ்சியாப் போயிடும். சும்மா இருங்க, தானா எளகட்டும்."

தென்றலுக்கா பொறுமை? மூட்டையை இழுத்து மடியில் வைத்து, முடிச்சை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பொத்திக்கொண்டாள். அடுத்த நிமிஷம், "அம்மா!" என்று கத்தினாள்.

சம்பூர்ணத்துக்கு உயிரே போய்விட்டது. "என்னடி? வலிக்குதா?"

"மூட்ட ஜில்லுன்னு பட்டுச்சா, உள்ள எத்துதும்மா! இங்க, இங்க கை வையி!"

கையை வைத்தாள். இத்தனை நாள் போனில் கேட்டதுதான். இப்போது உள்ளங்கையிலேயே ஒரு உதை விழுந்தது, நல்ல அழுத்தமாக. "அடி ஆத்தி!" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்த ஊருக்கு எப்படி வந்தோம், எதைக் கொண்டுவந்தோம் என்பதெல்லாம் மறந்துபோய், பாயில் மண்டி போட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"முடிச்சு எளகிடுச்சும்மா. அவுக்கட்டுமா?" என்றாள் தென்றல்.

"இருடி" என்றாள் சம்பூர்ணம், கையை எடுக்காமல். "இன்னொரு வாட்டி எத்தட்டும்."