முன்தண்டில் அறுபது கிலோ

முனுசாமிக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய பிக்அப்புக்கு இருபத்தைந்து. இரண்டில் எது முதலில் உட்காரப் போகிறது என்று செலண்டார் ஊர்ச் சாப்பாட்டுக்கடையில் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். முன்பெல்லாம் சூடாக ஏதாவது திருப்பிச் சொல்வார். இந்த வருடம் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்.

செம்பனை எண்ணெய் ஆலைக்கு இருபத்திரண்டு வருடம் லோரி ஓட்டியவர். முதுகு கெட்டுப்போனதும் அதை விட்டார். அதற்குள் மனைவி பாக்கியலட்சுமியின் சமையலுக்கு ஜாசின் வட்டாரத்தில் பெயர் வந்திருந்தது. கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று முந்நூறு, நானூறு பேருக்குச் சமைப்பார். அடுப்பு, காஸ், அண்டா, தண்ணீர்ப் பீப்பாய் எல்லாவற்றையும் ஒற்றை அச்சு டிரெய்லரில் ஏற்றி, பிக்அப்பின் பின்னால் மாட்டி இழுத்துப் போவது முனுசாமியின் வேலை. பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு.

மார்ச் மாதம் ஜாசின் சாலையில் ஓர் இறக்கம். செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று முந்திப் போன காற்றில் டிரெய்லர் இடமும் வலமுமாக அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு அடிக்கும் பிக்அப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. முனுசாமி பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். புல்லில் இறங்கி வண்டி நின்றபோது பாக்கியலட்சுமியின் மடியிலிருந்த டப்பா கவிழ்ந்து உள்ளே முழுக்க மிளகாய்த்தூள். இருவரும் கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டே இறங்கினார்கள்.

"இனிமே இந்த வண்டியில நான் ஏற மாட்டேங்க" என்றார் பாக்கியலட்சுமி. "மே மாசம் தஞ்சோங் கிளிங் கோயில் சமையலுக்கு வாக்குக் குடுத்தாச்சு. அதுக்குள்ள இது நேரா ஓடணும். இல்லன்னா அதோட நிறுத்திக்குவோம். நான் ஒரு கார்ல, நீங்க தனியா இதுல செத்துக்கிட்டு, அப்படி ஒரு பொழப்பு வேணாம்."

அன்றிலிருந்து உதவிக்கு வரும் ராஜம்மாவின் காரில் அவர் வந்தார். பிக்அப்பின் முன் இருக்கை காலியாக இருந்தது.

முனுசாமி வண்டியை பால்ராஜின் பட்டறைக்குக் கொண்டுபோனார். பால்ராஜ் முதலில் முன்சக்கர இணைப்புகளில் தேய்ந்த ரப்பர்களை மாற்றினான். அடுத்த வாரம், படிந்துபோயிருந்த பின் ஸ்பிரிங்கில் புதிதாக ஒரு பட்டை சேர்த்தான். பிறகு ஷாக் அப்சார்பர். பிறகு பின் டயர்களுக்குக் கூடுதல் காற்று. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முனுசாமி அதே சுமையுடன் அதே இறக்கத்தில் ஓட்டிப் பார்த்து, டிரெய்லர் எந்த வேகத்தில் ஆடத் தொடங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தார். இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்ய அவர் விடவில்லை. எது பலித்தது என்று பிறகு தெரியாமல் போகும் என்பார். அறுபத்தெட்டு. எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு. எழுபத்துநான்கு.

"ஆறு கிலோமீட்டர் ஏத்த ரெண்டு மாசம்" என்றான் பால்ராஜ். "இப்படியே போனா ஹைவே வேகத்துக்கு அடுத்த வருசம் போயிடலாம்ணே."

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே."

"பெலான் பெலான், மெதுவா ஓட்டுங்கண்ணே, அம்பதுல போங்க."

"அம்பதுல போனா பின்னால வர்ற லோரி என்னைய தள்ளிக்கிட்டுப் போயிடும் லா."

அன்று பிற்பகல், சாமான் ஏற்றிய டிரெய்லரைப் பட்டறையிலேயே விட்டுப் போவதற்காக முனுசாமி கொக்கியைக் கழற்றினார். முதுகு வலிக்காமல் கொக்கியில் மாட்டும் முன்தண்டை இடக்கையால் தூக்கி ஓரமாக வைத்தார். வேறொரு காருக்கு அடியில் படுத்திருந்த பால்ராஜ் வெளியே வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, சாமான் உள்ளதானே இருக்கு?"

"இருக்கு. பீப்பாய்ல தண்ணியோட."

"அப்புறம் எப்படி ஒத்தக் கையில தூக்குறீங்க? முதுகு போச்சுன்னு காலையிலதான் அழுதீங்க."

"உங்க அண்ணி அடுக்குற அடுக்கு அப்படி. முன்னால பாரமே வராது. அதாலதான் என் முதுகு பொழச்சுக் கெடக்கு."

பால்ராஜ் பட்டறைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் போய், மனைவி ஜெயமேரி ஏறி நின்று எடை பார்க்கும் தராசைத் தூக்கி வந்தான். அதன்மேல் ஒரு கட்டையை வைத்து, கட்டைமேல் முன்தண்டை இறக்கினார்கள். பதினொரு கிலோ காட்டியது. உள்ளே இருந்ததும் டிரெய்லரும் சேர்ந்து அறுநூறு கிலோவாவது வரும்.

"தஞ்சோங் கிளிங்ல படகு இழுக்கிற ஆள் ஒருத்தர் இதே மாதிரி ஆடுதுன்னு வந்தாரு" என்றான் பால்ராஜ். "படகைக் கொஞ்சம் முன்னால தள்ளிக் கட்டுனோம். நின்னுடுச்சு. பின்னால பாரம் இருந்தா அதுதான் வண்டிய ஆட்டும்ணே. பத்துல ஒரு பங்காவது கொக்கியில உட்காரணும். மொதல்லயே கேட்டிருக்கணும் நான்."

முனுசாமி குனிந்து தராசை இன்னொரு முறை பார்த்தார். லோரியில் சுமை சக்கரங்களின் மேலேயே இருக்கும். பின்னால் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் அவர் பொருட்படுத்தியதில்லை. இழுத்துப் போகும் பெட்டி வேறு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் யோசிக்கவில்லை.

பாக்கியலட்சுமியின் அடுக்குக்குக் காரணம் இருந்தது. போன இடத்தில் முதலில் அடுப்பை இறக்கி, கற்பூரம் காட்டி, பாலைப் பொங்க வைக்க வேண்டும். அதற்கு முன் ஒரு வெங்காயத்தைக்கூட நறுக்க மாட்டார். அதனால் இரும்பு அடுப்புகள், காஸ், தண்ணீர்ப் பீப்பாய், இருப்பதிலேயே கனமான மூன்றும், பின்கதவை ஒட்டி இருக்கும். முன்பக்கம் வெறும் அலுமினிய அண்டாக்களும் தார்ப்பாயும்.

மறுநாள் முனுசாமியும் பால்ராஜும் எல்லாவற்றையும் இறக்கி மாற்றி அடுக்கினார்கள். பீப்பாயை விளிம்புவரை நிரப்பி, அச்சுக்குச் சற்று முன்னால் கட்டினார்கள். காஸும் அடுப்பும் முன்சுவரை ஒட்டி. தராசு முதலில் எண்பத்தைந்து காட்டியது. ஓர் அடுப்பைப் பின்னால் தள்ளினார்கள். அறுபத்திரண்டு. கொக்கியில் மாட்டியதும் பிக்அப் இரண்டு விரல் அளவு தாழ்ந்தது. புதிய பட்டை அதற்கு மேல் தாழவிடவில்லை. அந்த இறக்கத்தில் எண்பத்தைந்து கிலோமீட்டர் வேகம் வரை ஓட்டிப் பார்த்தார். ஆடவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதை மனைவியிடம் சொல்ல அவருக்கு மேலும் இரண்டு நாள் ஆனது.

"அப்போ என் அடுக்குதான் தப்பு" என்றார் பாக்கியலட்சுமி.

"தப்புன்னு சொல்லல."

"வேற எப்படிச் சொல்லுவீங்க? பத்தொம்பது வருசமா நான்தான் ஆட்டிக்கிட்டு வந்திருக்கேன்."

"எனக்கே முந்தாநேத்து ஓட்டிப் பாத்துதான் தெரியும்."

"பால் பொங்காம கத்திய எடுக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

"எடுக்காத. எல்லாத்தையும் இறக்கிட்டுப் பொங்கு. ஒரு மணி நேரம் முன்னால கிளம்பணும்."

பாக்கியலட்சுமி வீங்கிய கணுக்காலைத் தேய்த்துக்கொண்டார். "அஞ்சு மணிக்குக் கிளம்பவே மூணரைக்கு எந்திரிக்கிறோம்" என்றார். பிறகு, "நான் ராஜம்மா கார்லயே பின்னால வர்றேன். பாத்துட்டுச் சொல்றேன்."

தஞ்சோங் கிளிங் வரை அந்தக் கார் டிரெய்லரின் பின்னாலேயே வந்தது. ஒரு முறைகூட முந்தவில்லை. போய்ச் சேர்ந்ததும் மூவருமாக அண்டாக்களை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். கோயில் செயலாளர் தனபாலன் மூன்றாம் முறையாக எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, வழக்கமா இந்நேரம் பால் பொங்கி எங்களுக்குத் தேத்தண்ணி வந்திருக்குமே?"

"பொறுங்க தம்பி. அடுப்பு இன்னும் வந்துக்கிட்டிருக்கு" என்றார் பாக்கியலட்சுமி, மூச்சு வாங்க. முனுசாமியைக் கடக்கும்போது, "ஆயர் குரோ கிட்ட ஒரு தடவ ஆடிச்சு" என்றார்.

"பஸ் போனப்போ."

"ஆமா. ஒடனே நின்னுடுச்சு." அடுத்த சாமானை இறக்கப் போனார்.

பந்தி முடிந்து, பாத்திரம் கழுவி ஏற்றும்போது மணி நான்கு. வெயில் இறங்கவில்லை. தண்ணீரும் அரிசியும் தீர்ந்திருந்ததால் சுமை மாறியிருந்தது. முனுசாமி பால்ராஜிடம் இரவல் வாங்கி வந்த தராசை எடுத்தார். பதினெட்டு.

"போட்டு ஏத்துங்க, போதும்" என்றார் பாக்கியலட்சுமி. "கால் நிக்கல."

"பத்து நிமிசம்."

முதுகைப் பிடித்துக்கொண்டு இரண்டு காஸ் உருளைத் தோம்புகளை முன்னால் உருட்டினார். ஓர் அண்டாவைப் பின்னுக்கு மாற்றினார். பாக்கியலட்சுமி கவிழ்த்துப்போட்ட பாத்திரத்தின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன?"

"நாப்பத்தொண்ணு."

"அறுபதுன்னீங்க?"

"இப்போ சுமை கம்மி. இதுக்கு இது போதும்."

ராஜம்மா காரை அருகில் கொண்டுவந்து கதவைத் திறந்தாள். "ஏறுங்கக்கா, ஏர்கோன் போட்டு வெச்சிருக்கேன்."

பாக்கியலட்சுமி முழங்காலில் கையூன்றி எழுந்தார். உட்கார்ந்திருந்த பாத்திரத்தைத் தூக்கி முனுசாமியிடம் கொடுத்தார். "நீ போ ராஜம்மா" என்று சொல்லிவிட்டு, பிக்அப்பைச் சுற்றிப் போய் முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

நெடுஞ்சாலை ஏறும்வரை கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தார். அதன்பின் கை நழுவி மடியில் விழுந்தது, தூங்கிவிட்டார். ஒரு டாங்கி லோரி முந்திப் போனபோது முனுசாமி மட்டும் பற்களைக் கடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். டிரெய்லர் லேசாக நடுங்கிவிட்டு நேராக வந்தது. எழுப்பிச் சொல்ல நினைத்தார். வேண்டாம் என்று விட்டுவிட்டார். வீட்டுக்குப் போய் இன்னொரு முறை எல்லாவற்றையும் இறக்க வேண்டும்.