கடைசிச் சில்லு

நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒரு சில்லை இன்னொன்றோடு சேர்த்து, விளிம்பில் விரல்நுனியை ஓட்டுகிறாள். கண்ணை நம்பமாட்டாள். "உக்காருடி தங்கம்" என்று சில்லிடம் கெஞ்சுவாள்.

பல்கலைக்கழகத்தில் பண்டைய கிரேக்க, ரோமானிய நாகரிகம் படிக்கும் ஆய்வு மாணவி. துறையின் அடித்தள அறையில், மணல் தட்டில் நிற்கிற கிரேக்கத் தண்ணீர்ச் சாடிதான் அவள் படிப்பு. பெட்டி நிறையச் சில்லுகளாக வந்தது. ஊற்றடியில் குடத்தோடு காத்திருக்கும் பெண்கள் அதில் வரையப்பட்டிருக்கிறார்கள். யார் யாரைப் பார்த்து நிற்கிறார்கள் என்பதுதான் ஆய்வேடு.

சேர்ந்த புதிதில் கிரேக்கக் கடவுள்களின் கதைகளை வீட்டில் ஓயாமல் சொல்வாள். இப்போது யாராவது கேட்டால், "எல்லாம் குடும்பச் சண்டைதான், நம்ம வீடு மாதிரி" என்று முடித்துக்கொள்கிறாள்.

அக்கா போனில் விடமாட்டாள். "நான் ரெண்டு பெத்து ஸ்கூலுக்கே அனுப்பிட்டேன். நீ இன்னும் ஒரு பானையைப் பெத்தபாடில்ல."

"பானை இல்லக்கா, சாடி."

"ஆமா, ரொம்ப முக்கியம்."

ஒட்டும்போது ஜன்னலைச் சாத்தி வைப்பாள், தூசி வந்து பசையில் ஒட்டும். ஒட்டியதைப் பிரிக்கும்போது மட்டும் திறப்பாள். பசையைக் கரைக்கும் அசிட்டோன் நெடி மண்டையைப் பிளக்கும்.

இன்று மீதி ஒரே சில்லு, ஒரு பெண்ணின் முகம். மயிரிழையில் உட்கார மறுக்கிறது. அடியில், முதல் வருடம் ஒட்டிய ஏதோ ஒன்று கோணல். அந்தக் கோணல் மேலே ஏறி ஏறி இங்கே வந்து நிற்கிறது.

பேராசிரியர் குனிந்து பார்த்தார். "லேசா திருப்பி வச்சு, சுத்தி பிளாஸ்டர் பூசிடும்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"திருப்பினா அவ பார்க்கிற ஆளே மாறிடும் சார்."

"பிரிச்சா மறுபடி ஒட்ட மாசக்கணக்கா ஆகும். திங்கக்கிழமை ஆய்வேடு குடுக்கலைன்னா உன் பதிவு ரத்து. இனிமே நான் சொன்னாலும் ஆபீஸ்ல கேக்கமாட்டாங்க." கதவருகே நின்றார். "உன் மூஞ்சியைப் பாரு. பூசிட்டுப் போய்த் தூங்கு."

பிளாஸ்டர் பொடியை எடுத்து வைத்தாள். கிண்ணத்தில் தண்ணீரும் ஊற்றினாள். மேசை விளிம்பில் நெற்றியைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கிடந்தாள். பிறகு, அந்த முகத்தை எடுத்து, இடத்தில் வைத்து, விரலை ஒருமுறை ஓட்டினாள்.

எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.