ஆணிகளுக்கு நடுவே கருகமணி

பரங்கிப்பேட்டையில் படகு பழுதுபார்க்கும் மணலில், கல்யாணத்தில் என் மனைவிக்குக் கட்டிய, தங்கமணி கோத்த கருகமணி மாலை அறுந்து விழுந்தது. துபாயிலிருந்து வந்திருந்த மச்சான் மெட்டல் டிடெக்டரோடு தேடினார். துருப்பிடித்த படகு ஆணிகளால் அது ஓயாமல் கத்தியது.

“இரும்புச் சத்தத்த ஆஃப் பண்ணுங்க மச்சான், தல வலிக்குது” என்றேன்.

பண்ணினார். கருவி அடங்கிவிட்டது. “இங்க இல்ல மச்சான்” என்றார்.

மறுநாள் இடத்தைச் சமன்செய்ய வந்த ஜேசிபி அந்த மணலை அள்ளிப்போய் ஊருக்கு வெளியே ஒரு பள்ளத்தில் கொட்டியது. பழைய இடத்தில் மிச்சமிருந்த ஆணிக்கொத்தில் ஒரே ஒரு தங்கமணி சிக்கியிருந்தது. கருவியிடம் இரும்பை ஒதுக்கச் சொன்னால், அதை ஒட்டிக் கிடக்கும் தங்கத்தின் சத்தமும் அமுங்கிவிடுமாம். பிறகுதான் தெரிந்தது.

இப்போது அந்தப் பள்ளத்தில், சத்தம் வரும் இடமெல்லாம் தோண்டி ஆணிகளைப் பொறுக்கிவிட்டு, மறுபடி கருவியை ஓட்டுகிறேன். “கெடைச்சுதா?” என்று கேட்பதை அவள் நிறுத்திவிட்டாள்.