ஆமெனுக்கு முன் பெய்த மழை

இன்று லிஃப்டில் யாருடைய ரெயின்கோட்டிலிருந்தோ ஈர ரப்பர் வாடை வந்ததும், இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட கட்கியில் இருந்த எங்கள் லைன் வீட்டுக்குள் போய் நின்றேன். அங்கே மாலை ஜெபத்தில், பால் பொங்கி வழியாததையும் ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைத்ததையும்கூட அம்மா ஆண்டவரிடம் கதையாகச் சொல்லுவாள். ஒரு மழைநாளில், சைக்கிளில் வேலைக்குப் போன அப்பா இருட்டியும் வரவில்லை. அம்மாவோ துணி காயாததை, ஓடு ஒழுகுவதை, என் கிழிந்த பாவாடையைச் சொல்லிக்கொண்டே போனாள்.

"எம்மா, ஆமென் சொல்லு, எனக்குப் பசிக்கு."

"இன்னைக்குக் கதை இன்னும் முடியலல்லா? அப்பா வரட்டும்."

கடைசியில் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. அம்மா கண்ணைத் திறக்காமலே, "அவரும் வந்துட்டாரு, ஆண்டவரே" என்றாள். சொட்டச் சொட்ட நின்ற அப்பா, ரெயின்கோட்டைக்கூடக் கழற்றாமல், "ஆமென்" என்றார்.